டோனட் கடையில் தாத்தா... சர்க்கரை யார் கையில்?

‘‘எனக்கு வேணாம்ப்பா... நீங்க எல்லாம் போய் சாப்பிட்டுட்டு வாங்க. நான் கார்லயே உட்கார்ந்திருக்கேன்!’’

அமெரிக்காவில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போன ஒரு அப்பா இப்படிச் சொல்வதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பத்து வருஷமாக சர்க்கரை. மாத்திரை தவறாமல் போடுகிறவர். பேரன் கையைப் பிடித்து இழுக்கிறான். ‘‘தாத்தா, டோனட் கடை! நம்ம கண்ணு முன்னாடியே சுட்டுத் தருவாங்க, வா!’’ தாத்தா அசையவில்லை. கடைக்குள் போனவர்கள் கையில் ஒரு பெட்டியோடு திரும்புகிறார்கள். அரை டஜன் வாங்கியதில் இரண்டு மிச்சம். பெட்டி வீட்டு சமையலறை மேடைக்குப் போகிறது.

ராத்திரி பதினோரு மணி. வீடே தூங்குகிறது. தாத்தா தண்ணீர் குடிக்க எழுந்திருக்கிறார். பெட்டி கண்ணில் படுகிறது. ‘வீணாத்தானே போகும்...’ என்று ஒன்று. ‘ஒண்ணே ஒண்ணை மட்டும் எதுக்கு விடணும்...’ என்று இன்னொன்று. காலையில் காலிப் பெட்டியைப் பார்த்த மருமகள் ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனம்தான் தாத்தாவுக்கு சர்க்கரையை விட அதிகமாகக் கசக்கிறது!

என்ன, எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதா? டோனட்டுக்குப் பதில் பாதுஷா என்று போட்டால், இது நம் ஊரில் தீபாவளிக்கு மறுநாள் நடக்கிற கதைதான்!

இப்போது ஒரு கேள்வி. அந்த தாத்தா காரிலேயே உட்காராமல் கடைக்குள் போயிருந்தால்? பேரனோடு நின்று, தனக்கு என்ன வேண்டும் என்று தன் வாயால் சொல்லி, பாதியை மட்டும் சாப்பிட்டிருந்தால்? சர்க்கரையும் இவ்வளவு ஏறியிருக்காது, பேரனோடு ஒரு அரை மணி நேரமும் மிச்சமாகியிருக்கும். அதெப்படி என்கிறீர்களா? வாங்க, கடைக்கே போய்ப் பார்த்துவிடலாம்!

வாத்து ஊரில் ஒரு டோனட்!

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் வடக்கு கரோலினா மாநிலம். ராலே, கேரி பக்கம் நம்மவர்கள் நிறைய குடியிருக்கிறார்கள். அங்கிருந்து காரில் மூணு, நாலு மணி நேரம் போனால் ‘அவுட்டர் பேங்க்ஸ்’ என்கிற தீவுக் கூட்டம். 1903 டிசம்பர் 17-ம் தேதி ரைட் சகோதரர்கள் முதன் முதலாக விமானம் ஓட்டியது இங்கேதான். கோடை விடுமுறையில் குடும்பம் குடும்பமாக வந்து இறங்குகிற இடம்.

அங்கே ‘டக்’ என்று ஒரு சின்ன ஊர். டக் என்றால் வாத்து! ஒரு பக்கம் அட்லான்டிக் கடல், மறு பக்கம் உப்பங்கழி, நடுவில் ஒரு துண்டு நிலம். விடுமுறைக்கு வருகிற குடும்பங்களுக்கு காலையில் சுடச் சுட டோனட் கிடைக்க வேண்டும் என்று இங்கே பிறந்ததுதான் ‘டக் டோனட்ஸ்’. ஆரம்பித்த வருஷம் 2006. பிறகு பல மாநிலங்களுக்குப் பரவி, நூறு கடைகளைத் தாண்டிவிட்டது.

மற்ற டோனட் கடைகளில் காலையிலேயே சுட்டு, அலங்கரித்து, கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கி வைத்திருப்பார்கள். விரலை நீட்டி ‘அது’ என்று காட்டினால் போதும். இங்கே அப்படி இல்லை. ஆர்டர் கொடுத்த பிறகுதான் உங்கள் டோனட்டுக்கு மேல்பூச்சே நடக்கிறது. நம் ஊர் தோசைக் கடை மாதிரி வைத்துக்கொள்ளுங்களேன். ‘ஒரு நெய் ரோஸ்ட், பொடி தூக்கலா!’ என்று சொன்னால் அப்படி. ‘எண்ணெய் கம்மியா ஒரு ஊத்தப்பம்’ என்றால் அப்படி!

வடைக்கும் ஓட்டை, டோனட்டுக்கும் ஓட்டை!

டோனட் என்பது நம் மெதுவடைக்கு ஒன்றுவிட்ட சித்தப்பா பையன். ரெண்டுக்கும் நடுவில் ஓட்டை. காரணமும் ஒன்றேதான். ஓட்டை இல்லாவிட்டால் ஓரம் கருகுவதற்குள் நடுவில் மாவு வேகாது. பழைய காலத்து டச்சுக்காரர்கள் செய்த ‘ஓலிகுக்’ என்ற எண்ணெய்ப் பலகாரத்துக்கு ஓட்டை கிடையாது. 1847-ல் ஹான்சன் கிரகரி என்ற அமெரிக்கக் கப்பல்காரர்தான் நடுவில் துளை போட்டார் என்று ஒரு கதை அங்கே பிரபலம். நம் பாட்டிகள் யாரும் இதற்கெல்லாம் உரிமை கொண்டாடவில்லை, பாவம்!

டோனட்டில் ரெண்டு ஜாதி. ஈஸ்ட் போட்டுப் புளிக்க வைத்து, பஞ்சு மாதிரி இருப்பது ஒன்று. பேக்கிங் பவுடர் போட்டு, கேக் மாதிரி கொஞ்சம் கெட்டியாக இருப்பது இன்னொன்று. டக் டோனட்ஸில் சுடுவது இந்த ரெண்டாவது ரகம், வெனிலா வாசனையோடு.

சுடுகிற இயந்திரத்தைப் பார்ப்பதே ஒரு வேடிக்கை. மேலே இருக்கிற குடுவையிலிருந்து மாவு வளையமாக எண்ணெயில் விழுகிறது. மிதந்துகொண்டே நகர்கிறது. பாதி வழியில் இயந்திரமே புரட்டிப் போடுகிறது. மறுபுறமும் சிவந்ததும் வெளியே வந்து விழுகிறது. பக்கத்துக்கு ஏறக்குறைய ஒரு நிமிஷம், அவ்வளவுதான்! எண்ணெயின் சூடு சுமார் 190 டிகிரி செல்ஷியஸ். எண்ணெய் காயாமல் வடையைப் போட்டால் எண்ணெய் குடிக்கும் இல்லையா? அதே விதிதான் இங்கேயும்.

என்னதான் பக்குவமாகச் சுட்டாலும் இது எண்ணெய்ப் பலகாரம். 100 கிராம் டோனட்டில் 20 கிராமுக்குக் குறையாமல் கொழுப்பு இருக்கும். மாவு, நம் மைதாவேதான். ‘சுடச் சுட, ஃப்ரெஷ்ஷா இருக்கு, அதனால உடம்புக்கு ஒண்ணும் பண்ணாது’ என்று நினைத்தால், அது நாக்கு சொல்கிற சாட்சி. கணையம் அதை ஏற்காது!

மேலே என்ன போடட்டும்?

கவுன்ட்டரில் நிற்கிற பெண் சிரித்துக்கொண்டே கேட்பது இதைத்தான். மூணு படி இருக்கிறது.

முதல் படி, மேல்பூச்சு. வெனிலா, சாக்லெட், ஸ்ட்ராபெர்ரி, எலுமிச்சை, மேப்பிள், கடலை வெண்ணெய், பட்டைச் சர்க்கரை... ஒரு பெரிய பட்டியல். ரெண்டாவது படி, தூவல். வண்ண மிட்டாய்த் துணுக்கு, தேங்காய்த் துருவல், பொடித்த வேர்க்கடலை, பிஸ்கட் தூள். மூணாவது படி, மேலே கோடு கோடாக ஊற்றுகிற சாக்லெட் குழம்போ, கேரமல் குழம்போ.

இந்த மூணையும் கூர்ந்து பாருங்கள். பெரும்பாலும் எல்லாமே சர்க்கரை! அடியில் இருக்கிற டோனட்டை விட மேலே ஏறுகிற சுமைதான் பிரச்னை.

இங்கேதான் நம்மவர்கள் கோட்டை விடுகிறோம். ‘‘அப்பா, உங்களுக்கு என்ன வேணும்?’’ என்று மகன் கேட்டால், ‘‘நீயே பார்த்து ஏதாவது சொல்லுப்பா’’ என்கிறோம். அவன் பாசத்தில் எல்லாவற்றையும் ஏற்றிக் கொண்டு வந்து நிறுத்துகிறான். வாங்கி வந்ததை வீணாக்கக் கூடாதே என்று முழுசையும் சாப்பிடுகிறோம். ஆர்டர் கொடுத்து வாங்குகிற கடையின் பெரிய லாபமே, நீங்கள் கேட்காத எதையும் அவர்கள் போட மாட்டார்கள் என்பதுதான். மேலே எதுவுமே இல்லாத ‘பேர்’ டோனட் என்று ஒன்று உண்டு. பேர் என்றால் வெறும் என்று அர்த்தம். ‘‘ஒன் பேர் டோனட், ப்ளீஸ்!’’ அவ்வளவுதான் இங்கிலீஷ். கூச்சப்படாமல் நீங்களே சொல்லுங்கள்.

சைவக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை: தூவல் பட்டியலில் பன்றி இறைச்சித் துணுக்கும் உண்டு. மேப்பிள் பூச்சோடு சேர்த்து அங்கே ரொம்பப் பிரபலம். கேக் ரக டோனட் மாவில் சாதாரணமாக முட்டை சேரும். மார்ஷ்மெல்லோவில் பெரும்பாலும் ஜெலட்டின் கலந்திருக்கும். அது விலங்கிலிருந்து எடுப்பது. கேட்டுவிட்டு வாங்குங்கள். வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத குழந்தை கூட வந்தால், கண்டிப்பாக முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒரே மேஜையில்தான் எல்லாத் தூவலும் நடக்கிறது.

கொஞ்சம் கணக்கு!

அமெரிக்காவில் 20 கிளைகளுக்கு மேல் உள்ள உணவுக் கடைகள் விலைப் பட்டியலிலேயே கலோரியையும் போட்டாக வேண்டும். 2018 மே மாதத்திலிருந்து இது சட்டம். நாமே சேர்க்கை தேர்ந்தெடுக்கிற பண்டம் என்றால் ‘இத்தனையிலிருந்து இத்தனை வரை’ என்று இரண்டு எண் இருக்கும். அதில் சின்ன எண், மேலே ஒன்றும் போடாததற்கு. பெரிய எண், எல்லாவற்றையும் ஏற்றியதற்கு. நடுவில் இருக்கிற வித்தியாசம் முழுக்க நீங்கள் வாய் திறந்து கேட்டது!

ஒரு சாதாரண டோனட் 200லிருந்து 300 கலோரி. சர்க்கரைப் பாகு பூசியதில் சுமார் 10லிருந்து 20 கிராம் வரை சர்க்கரை. தூவலும் குழம்பும் சேர்ந்தால் இன்னும் எகிறும். பெரியவர்கள் ஒரு நாளைக்கு எடுக்கும் கலோரியில் தனியாகச் சேர்க்கும் சர்க்கரையின் பங்கு 10 சதவிகிதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், 5 சதவிகிதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது. அந்த 5 சதவிகிதம் என்பது சுமார் 25 கிராம், அதாவது ஆறு டீ ஸ்பூன். காபி, டீ, பிஸ்கட் எல்லாம் இதற்குள்ளேயே அடங்க வேண்டும். இந்தக் கணக்கு சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்கும் சேர்த்துத்தான்!

சர்க்கரைக்காரர்கள் செய்யும் மூணு தப்பு

ஒன்று: ‘டிபனை விட்டுட்டு டோனட்டை சாப்பிட்டு சரிக்கட்டிடறேன்!’

கேட்க புத்திசாலித்தனமாகத் தெரிகிறது. ஆனால் இன்சுலினோ, கிளிமிபிரைடு மாதிரியான மாத்திரையோ எடுக்கிறவர்களுக்கு இது ஆபத்து. மாத்திரை உள்ளே போய் வேலையை ஆரம்பித்துவிடும். சாப்பாடு வரவில்லை. கடையில் வரிசை நீளம். சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் வியர்க்கும், கை நடுங்கும், படபடக்கும், பேச்சு குழறும். வேளை தவறாமல் சாப்பிட்டுவிட்டு, அந்த சாப்பாட்டில் ஒரு இட்லியையோ ஒரு துண்டு ரொட்டியையோ குறைத்துக்கொள்வதுதான் முறை. டோனட்டுக்கு என்று ஒரு மாத்திரை கூடுதலாகப் போடுவதும் கூடாது. அதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

இரண்டு: ‘ரெண்டு மணி நேரம் கழிச்சுப் பார்த்தேன். ஒண்ணும் ஏறலையே!’

கொழுப்பு அதிகமான பண்டம் வயிற்றை விட்டு மெதுவாகத்தான் இறங்கும். அதனால் சர்க்கரை ஏறுவதும் தாமதமாகலாம். ரெண்டு மணி நேரத்தில் மீட்டர் நல்ல பிள்ளை மாதிரி ஒரு எண்ணைக் காட்டிவிட்டு, மூணு, நாலு மணி நேரத்தில் ஏறியிருக்கும். ‘டோனட் எனக்கு ஒத்துக்குது’ என்று அடுத்த நாளும் கிளம்பிவிடாதீர்கள்!

மூன்று: ‘சர்க்கரை இறங்கிட்டா டோனட்தான் இருக்கே!’

நிறையப் பேருக்குத் தெரியாத விஷயம் இது. சர்க்கரை இறங்கி மயக்கம் வரும் நேரத்தில் டோனட்டோ சாக்லெட்டோ சரியான மருந்து இல்லை. அதிலிருக்கும் கொழுப்பு, சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். அந்த நேரத்தில் வேண்டியது சுமார் 15 கிராம் குளுக்கோஸ், அல்லது மூணு டீ ஸ்பூன் சர்க்கரை கரைத்த தண்ணீர், அல்லது அரை டம்ளர் பழச்சாறு. 15 நிமிஷம் கழித்து மறுபடி பரிசோதனை. ஏறவில்லையென்றால் இன்னொரு தடவை. ஆள் நினைவில்லாமல் இருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே 911-க்கு போன் செய்ய வேண்டும். அமெரிக்காவில் அவசர உதவி எண் அதுதான்.

இன்னொன்று. வோக்ளிபோஸ், அகார்போஸ் மாத்திரை எடுக்கிறவர்களுக்கு சாதாரண சர்க்கரை சீக்கிரம் வேலை செய்யாது. குளுக்கோஸேதான் வேண்டும். அதனால் கைப்பையில் எப்போதும் ஒரு குளுக்கோஸ் பொட்டலம் இருக்கட்டும்.

மகனுக்கும் மருமகளுக்கும் ஒரு வார்த்தை

‘‘மாமா, உங்களுக்கு சுகர். நீங்க தொடக் கூடாது!’’ என்று கடையில் நாலு பேர் முன்னால் சொல்லாதீர்கள். அது அக்கறைதான். ஆனால் பெரியவர் காதில் அது வேறு மாதிரி விழும். அன்றிரவு சமையலறையில் விளக்கைப் போடாமல் பெட்டியைத் திறக்க வைப்பது அந்த வார்த்தைதான். அதே மாதிரி, ‘‘ஒரு நாள்தானேப்பா, ஒண்ணும் ஆகாது, சாப்பிடுங்க’’ என்று தட்டை நீட்டுவதும் வேண்டாம். அந்த ‘ஒரு நாள்’ விடுமுறை முழுக்க தினமும் வரும்!

நடுவில் ஒரு வழி இருக்கிறது. ‘‘அப்பா, நாம ரெண்டு பேரும் ஒண்ணை பாதி பாதியா சாப்பிடலாமா?’’ என்று கேளுங்கள். மறுக்கிற அப்பா அபூர்வம்.

டஜனாக வாங்கினால் விலை குறையும்தான். ஆனால் அந்தப் பெட்டி வீட்டுக்கு வரும், மிச்சம் மேடை மேல் உட்காரும். ஆளுக்கு ஒன்று வீதம் எண்ணி வாங்கி, அங்கேயே சாப்பிட்டு முடித்துவிடுங்கள். டோனட் சுடச் சுட இருக்கும்போதுதான் ருசி. மறுநாள் அது வெறும் மைதா!

கூட குடிக்க? பால், சர்க்கரை, வாசனைப் பாகு எல்லாம் கலந்த பெரிய டம்ளர் காபி ஒன்றே இன்னொரு டோனட்டுக்குச் சமமாகிவிடும். சர்க்கரை போடாத காபி, டீ, இல்லையென்றால் தண்ணீர் போதும்.

சாப்பிட்டதும் காரில் ஏறிவிடாதீர்கள். டக் ஊரில் உப்பங்கழி ஓரமாக கிட்டத்தட்ட ஒரு மைல் நீளத்துக்கு மரப்பலகை நடைபாதை போட்டிருக்கிறார்கள். பேரன் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு இருபது நிமிஷம் நடந்தால், கண்ணுக்கும் குளிர்ச்சி, ஏறுகிற சர்க்கரைக்கும் ஒரு கடிவாளம். வேறு ஊர்க் கடை என்றால் பக்கத்தில் ஒரு பூங்காவாவது இருக்கும்.

நம் ஊருக்குத் திரும்பினால்...

அமெரிக்காவில் வனஸ்பதி மாதிரியான செயற்கைக் கொழுப்பை உணவில் சேர்ப்பது பாதுகாப்பானதல்ல என்று 2015-ல் அரசு முடிவெடுத்து, 2018 முதல் தடையை நடைமுறைக்குக் கொண்டு வந்தார்கள். நம் நாட்டிலும் 2022 ஜனவரி முதல் எண்ணெய், கொழுப்பு வகைகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவிகிதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. திரும்பத் திரும்பக் காய்ச்சிக் கெட்டுப்போன எண்ணெயை எந்த அளவுக்கு மேல் பயன்படுத்தக் கூடாது என்பதற்கும் 2018 ஜூலை முதல் கட்டுப்பாடு உண்டு. எண்ணெய் கறுத்து, நுரைத்து, புகைகிற கடையைப் பார்த்தால் அது வடையானாலும் டோனட்டானாலும் நகர்ந்துவிடுங்கள்.

நம் ஊரில் பாதுஷாவுக்கு ‘மேலே என்ன போடட்டும்?’ என்று யாரும் கேட்பதில்லை. பாகிலேயே முக்கித் தருகிறார்கள். அதனால் இங்கே அளவு ஒன்றுதான் உங்கள் கையில். பாதி எடுத்துக்கொண்டு, பாதியைப் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுங்கள். அதுவும் நாலு பேர் முன்னால், வெளிச்சத்தில்!

அந்த தாத்தாவிடம் திரும்பி வருவோம். மறு வாரம் பேரன் மறுபடி கூப்பிடுகிறான். இந்தத் தடவை தாத்தா காரை விட்டு இறங்குகிறார். கவுன்ட்டர் முன்னால் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ‘‘ஒன் பேர் டோனட், ப்ளீஸ்’’ என்கிறார். பேரன், ‘‘தாத்தா, மேல ஒண்ணுமே வேணாமா?’’ என்கிறான் ஆச்சரியமாக. தாத்தா டோனட்டை ரெண்டாகப் பிய்த்து, பெரிய பாதியை அவனிடம் கொடுக்கிறார்.

‘‘எனக்கு இதுவே போதும்டா கண்ணா. வா, நடந்துட்டே சாப்பிடலாம்!’’

கிளம்பும் முன்...

* காலை டிபனையும் மாத்திரையையும் வழக்கமான நேரத்தில் முடித்துவிடுங்கள். வெறும் வயிற்றோடு கடைக்குப் போகாதீர்கள்.

* கலோரிப் பலகையில் சின்ன எண்ணைப் பாருங்கள். உங்கள் ஆர்டரை நீங்களே சொல்லுங்கள்.

* மேல்பூச்சு, தூவல், குழம்பு மூன்றில் ஒன்று மட்டும். சர்க்கரை உள்ளவர்கள் மூன்றையும் தவிர்த்து, பாதி டோனட்டோடு நிறுத்துங்கள்.

* குழந்தைகளுக்கு ஒன்று போதும். அழுதால் இன்னொன்று என்கிற பழக்கம் வேண்டாம்.

* கைப்பையில் மீட்டர், குளுக்கோஸ், மாத்திரைச் சீட்டு இருக்கட்டும்.

* சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், கணையம், பித்தப்பைக் கோளாறு உள்ளவர்கள், சமீபத்தில் இதய சிகிச்சை செய்துகொண்டவர்கள் ஊருக்குக் கிளம்பும் முன்பே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.